வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒன்றேகால் மணி. ஆள் அரவமே இல்லாத ரோடு...

நான் இப்படி ஆரம்பித்ததுமே கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். பட்டப்பகலில் எந்தப் பேய் ஓவர்டைம் பார்க்கிறது என்று கேட்டான். நாங்கள் ஆறு பேர் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ராத்திரி இரண்டு மணி. திரையில், ஆபீஸ் சர்வருக்குப் போட்டுக்கொண்டிருந்த சர்வீஸ் பேக்கின் பச்சைப் பட்டை நாற்பத்தொன்று சதவீதத்தில் நின்றது. அது நூறு ஆகும்வரை எங்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. எங்களை வீட்டில் இறக்கிவிடுவதற்காக வேன் டிரைவர் அண்ணனும் விழித்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, வாயே திறக்க மாட்டார். எந்த அறைக்குப் போனாலும் ஏசிக் காற்று நேராகத் தோளில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

சிரித்தவனிடம் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சரி. ஆனால் இந்தக் கதையில் இருட்டே கிடையாது. முழுக்க வெயில். கேள்.

இது என் நண்பனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது. நண்பன் அவரை அத்தான் என்பான். கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்குமே அவர் அத்தான் ஆகிவிட்டார். நம் தொழில்தான் அவருக்கும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே ராத்திரியில்தான் போன் அதிகம் வரும். அதனால் சர்வீஸ் பேக் போடுவதெல்லாம் ஞாயிறு மத்தியானம், ஊரே உண்டு உறங்கும் நேரத்தில்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் போகிறார். வழக்கமான ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக ஒரே ஒரு தெருதான் உண்டு. ஒரு வருஷமாக அவர் தலைவைத்துப் படுக்காத திசை அது. வேறு வழியில்லை, திருப்பினார். தார் இளகிய வாசனை. ஒரு ஈ காக்கை இல்லை. தெருக்கோடியில் அந்த வீடு. நீல நிற இரும்புக் கேட். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு...

கேட் பாதி திறந்திருந்தது.

அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கடந்து போனபோது சுட்ட இரும்பின் வாசனை வந்தது. பிடரியில் அனல் அடித்தது, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றது போல. தெரு முனை திரும்பியதும் அது நின்றுவிட்டது.

அவர் ஏன் அந்தத் தெருவுக்குப் பயந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். டிரைவர் அண்ணனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சர்வீஸ் பேக் என்பது சர்வருக்கு அவ்வப்போது போடும் பழுதுநீக்கம். உங்கள் வேனை சர்வீஸுக்கு விடுவீர்களே, அதே கதைதான். மெக்கானிக் முடிந்தது என்றதும் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவீர்களா? பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்ப்பீர்கள். நாங்களும் அப்படித்தான். பச்சை டிக் விழுந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சர்வர் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக்கைப் படிக்க வேண்டும். முக்கியமாக, சர்வர் முழுசாக எழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். டிக் விழுந்த பிறகும் அது உள்ளுக்குள் பத்துப் பதினைந்து நிமிஷம் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் யார் எதை எழுதினாலும் ஏறாது.

சர்வீஸ் பேக் நேரத்தில் மாடியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் வருகிற அழைப்புகளைக் காகிதச் சீட்டில் எழுதி, வயர்லெஸ்ஸில் வண்டிகளுக்குச் சொல்வார்கள். கீழே இருந்து அத்தான் போன் செய்து ரெடி என்றால்தான் சீட்டை விட்டுவிட்டுத் திரைக்கு மாறுவார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவருடைய வேலையிலேயே பெரிய வேலை.

போன வருஷம், இதே மாதம், இதே போல ஒரு ஞாயிறு. ஒன்று நாற்பத்து நான்குக்குப் பச்சை டிக் விழுந்தது. அத்தானுக்குப் பசி. வீட்டுக்கு விருந்தாளிகள் வேறு வந்திருந்தார்கள். போன மாதத்துச் சரிபார்ப்புப் பட்டியலைக் காப்பி அடித்து, தேதியை மட்டும் மாற்றி, எல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று போட்டார். மாடிக்குப் போன் செய்து ரெடி என்றார்.

ஒன்று நாற்பத்தேழுக்கு ஒரு அழைப்பு. தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா. மூச்சுத் திணறல். மூன்றாம் இருக்கையில் இருந்தவர் எடுத்தார். அவரை எல்லோரும் மூணாம் நம்பர் அக்கா என்பார்கள். பதினான்கு வருஷ அனுபவம். முகவரியை அடித்தார், சேவ் பட்டனை அழுத்தினார், திரை காலியாகி அடுத்த அழைப்புக்குத் தயாரானது. ஏறிவிட்டது என்று நம்பினார். வண்டி கிளம்பிவிட்டது, வீட்டு எண் சரியாகத் தெரியாது என்கிறீர்களே, கொஞ்சம் வாசலிலேயே நில்லுங்கள் அம்மா என்று சொல்லி வைத்தார்.

சர்வர் முழுசாக எழுந்தபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு. அந்த அழைப்பு எங்கேயும் இல்லை. வண்டியும் போகவில்லை.

அந்த அம்மா வாசலிலேயே நின்றிருக்கிறார். நல்ல வெயில். கேட்டைப் பிடித்தபடி... சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்போதும் கை கேட் கம்பியில்தான் இருந்ததாம். பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம்.

விசாரணை வந்தது. சர்வர் லாக்கில் உண்மை இருந்தது, நிமிஷக் கணக்கோடு. அத்தான் பழைய லாக்குகளைச் சுத்தம் செய்தேன் என்று அதை அழித்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை, ஆனால் மறைந்துவிட்டது. மூணாம் நம்பர் அக்கா அழைப்பைப் பதிவே செய்யவில்லை என்று முடிவு கட்டி வேலையை விட்டு நீக்கினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அக்கா அழுதுகொண்டே படியிறங்கிப் போனதை அத்தான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நண்பனின் அக்காவே சொன்னாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

ஒரு வருஷம் கழித்து, இதோ, அடுத்த பெரிய சர்வீஸ் பேக். சர்வர் அறையில் பத்தொன்பது டிகிரி குளிர். ஒன்றரைக்கு ஆரம்பித்தார். மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் அழைப்புகள் கூடும், காகிதச் சீட்டு தாங்காது, ஒரு சீட்டு தொலைந்தாலும் ஒரு உயிர். பட்டை நன்றாக நகர்ந்தது. சரியாக ஒன்று நாற்பத்தேழுக்கு நின்றது.

ஒரு செஷன், அதாவது ஏதோ ஒரு கணினி சர்வரோடு வைத்திருக்கும் தொடர்பு, இன்னும் திறந்திருக்கிறது, அதை மூடினால்தான் மேலே போக முடியும் என்று செய்தி வந்தது. யாரோ திரையை மூடாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பட்டியலை எடுத்தார். ஒரே ஒரு செஷன். வந்த இடம், மூன்றாம் இருக்கைக் கணினி. தொடங்கிய தேதி, போன வருஷத்து ஞாயிறு.

நடுவில் அந்தச் சர்வரைப் பத்துத் தடவையாவது அணைத்துப் போட்டிருப்பார். எந்தச் செஷனும் அதைத் தாண்டிப் பிழைக்காது. இது பிழைத்திருந்தது. என்ன எழுத முயல்கிறது என்று திறந்து பார்த்தார். நீலக் கேட் வீட்டு முகவரி. கீழே குறிப்பு:

மூச்சுத் திணறல். தனியாக இருக்கிறார். வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

செஷனை வெட்டும் கட்டளைக்கு நம் தொழிலில் கில் என்று பெயர். பெயர் வைத்தவன் வாயில் என்ன சனியோ. கில் அடித்தார். பாதி எழுதியதை ரத்து செய்கிறேன், பூஜ்யம் சதவீதம் என்று பதில் வந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தார். பூஜ்யம். மறுபடி திறந்தார். குறிப்பில் ஒரு வரி கூடியிருந்தது.

வாசலில்தான் நிற்கிறார்.

படபடவென்று மாடிக்கு ஓடினார். கட்டுப்பாட்டு அறையில் நான்கு பேர் குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் இருக்கையில் யாரும் இல்லை. அக்கா போனதிலிருந்து அங்கே யாரும் உட்காருவதில்லை என்று ஷிஃப்ட் பொறுப்பாளர் சொன்னார். கணினிக்கு உறை போட்டிருந்தது. கேபிளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார்கள். அத்தான் தற்செயலாக நாற்காலியில் கையை வைத்தார்... சுரீர் என்றது. நாள் முழுக்க வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட் போல. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

கீழே வந்து சர்வரை அணைத்தார். விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. நம் தொழிலில் அந்த அமைதியை யாரும் விரும்புவதில்லை, தெரியும்தானே. அந்த அமைதியில்... எங்கேயோ பக்கத்தில்... ஒரு இரும்புக் கேட் க்ரீச் என்று அசைந்தது. நின்றது. மறுபடி க்ரீச்.

சர்வரை எழுப்பினார். அதே செஷன். குறிப்பில் மூன்றாவது வரி.

இன்னும் நிற்கிறார். வெயில்.

மணி இரண்டு இருபது. அத்தான் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவருக்கு நெஞ்சே எரிந்தது. செஷன் என்றால் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷமாகப் போனில் இருந்தும் ஒரு தடவைகூட அழுத்தாத எண்ணை அழுத்தினார். மூணாம் நம்பர் அக்கா அப்போது ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைப் பெட்டிகள் உரசும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார்."

"அக்கா... அன்னிக்கு நீங்க சேவ் பண்ணீங்க. சர்வர்தான் எழுந்திருக்கல. பார்க்காம ரெடின்னு சொன்னது நான்."

பெட்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஒரு வருஷமா கண்ணை மூடினா அந்தப் பட்டனைத்தான் அழுத்திட்டிருக்கேன் சார். கையை எடுக்கவே முடியல. எடுத்தா வண்டி போகாதோன்னு இருக்கு."

அத்தான் அழுதுவிட்டார். நாளைக் காலையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், உங்கள் மேல் தப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

"எழுதுவீங்களா?"

"சத்தியமா எழுதுவேன்கா."

"அப்ப கையை எடுத்துடறேன்," என்றார் அக்கா.

திரையில் செஷன் போய்விட்டது. பட்டை நகர ஆரம்பித்தது. டிக் விழுந்தது. இந்தத் தடவை அத்தான் எதையும் விடவில்லை. பதிப்பு எண்ணைப் பார்த்தார், லாக்கை வரி வரியாகப் படித்தார், சர்வர் முழுசாக எழும்வரை வாட்சைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாம் சுத்தம். கடைசியாக அழைப்புப் பட்டியலைத் திறந்தார். புதிதாக ஒரே ஒரு வரி ஏறியிருந்தது. அழைத்த நேரம், போன வருஷம் ஒன்று நாற்பத்தேழு. பதிவான நேரம், இன்றைக்கு இரண்டு இருபத்தாறு.

இங்கேதான் மனுஷ புத்தி வேலையைக் காட்டியது. திங்கட்கிழமை இந்த வரியைப் பார்த்தால் நான்கு பேர் கேட்பார்கள், தோண்டுவார்கள், லாக்கை அழித்தது வரைக்கும் போகும். சத்தியம் செய்து அரைமணி நேரம் ஆகவில்லை. அந்த வரியை அழித்துவிட்டார்.

மாடிக்குப் போய் ரெடி என்றார். எல்லோரும் சீட்டை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார்கள். அப்போது வயர்லெஸ் கரகரத்தது. ஏழாம் நம்பர் வண்டி டிரைவர்.

"கண்ட்ரோல், எனக்கு வந்த கால் திடீர்னு ஸ்கிரீன்ல காணோம். இவங்களை எங்க இறக்குறது?"

அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியலில் ஒரு வரி ஏறினால் பக்கத்தில் இருக்கும் வண்டியின் திரைக்கு முகவரி தானாகப் போய்விடும். அழிப்பதற்கு முன்பே வண்டி கிளம்பியிருக்கிறது. போயும் சேர்ந்திருக்கிறது. எந்தக் கால், யாரை ஏற்றினாய் என்று பொறுப்பாளர் விசாரித்தார்.

"நீலக் கேட் வீடு. வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க ஒரு அம்மா. படுக்க மாட்டேங்கிறாங்க, முன்னாடி என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க."

வண்டியில் அன்றைக்கு உதவியாளர் லீவு, டிரைவர் மட்டும்தான். பொறுப்பாளர் அத்தானைப் பார்த்தார். வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

"பரவாயில்ல கண்ட்ரோல். அட்ரஸ் அவங்களே சொல்றாங்க."

டிரைவர் முகவரியை வாசித்தார். அது அத்தானின் வீடு.

எவ்வளவு நேரம் அங்கேயே நின்றார் என்று அவருக்கு நினைவில்லை. போன் அடித்தது. மனைவி. என் நண்பனின் அக்கா. அவளுக்கு இது எதுவுமே தெரியாது.

"வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க. உள்ள வாங்கன்னா வரல, தண்ணி குடுத்தா வேண்டாங்கிறாங்க. நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நிக்கிறாங்களாம். என்னத்தைங்க எழுதணும்?"

அத்தான் மூன்றாம் இருக்கையின் மேஜையில், அந்தச் சுடுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து, காகிதச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினார். ரெடி என்று சொன்ன நேரம், அழித்த லாக், இன்று அழித்த வரி, எல்லாம். ஒன்பது சீட்டு. கடைசிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பாளர் கையில் கொடுத்த நிமிஷம் மனைவி மறுபடி கூப்பிட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த அம்மாவைக் காணோம் என்றாள்.

அத்தானுக்கு வேலை போனது. அக்கா மூன்றாம் இருக்கைக்குத் திரும்பி வந்தார், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். அத்தான் வீட்டுக் கேட்டை மட்டும் இன்றுவரை யாரும் வெறும் கையால் தொட முடியாது. மழையிலும் சுடும், நடுராத்திரியிலும் சுடும். துணியைச் சுற்றித்தான் திறக்கிறார்கள். அந்த ஏழாம் நம்பர் டிரைவர் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாராம். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது...

நான் கதையை இங்கே முடித்தேன். சிரித்தவன் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டிருந்தான். திரையில் பட்டை நூறைத் தொட்டுப் பச்சை டிக் விழுந்திருந்தது. எழுந்து போய் ரெடி என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. முதலில் லாக்கைப் பார்க்கலாம் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

அப்போதுதான் டிரைவர் அண்ணன் வாயைத் திறந்தார்.

"ஒன்னு விட்டுட்டீங்க தம்பி," என்றார். "இறங்கும்போது அந்தம்மாவுக்குத் தள்ளாடிச்சு. என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கினாங்க."

ஏசிக்கு நேராக இருந்த தோளை அவர் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவன் நம்பாமல் கையை நீட்டி அவர் சட்டை மேல் வைத்தான். வைத்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதினான்.